சாகும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சிறிய எண்ணும்

2003 பிப்ரவரி 1. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வானில் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல மாதங்கள் வயல்களிலும் காடுகளிலும் உடைந்த பாகங்களைத் தேடிப் பொறுக்கினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று, வற்றிய ஏரிப் படுகையில் கிடந்த ஒரு கருகிய உலோகக் கட்டி. அது ஒரு ஹார்ட் டிஸ்க்.

செனான் வாயுவின் பாகுநிலையை அளக்கும் ஒரு ஆய்வின் விவரங்கள் அதில் பதிவாகியிருந்தன. கொள்ளளவு சில நூறு மெகாபைட்தான். பிளாஸ்டிக் பாகங்கள் உருகிவிட்டன. சில்லுகள் கருகிவிட்டன. தூசி புகாமல் காக்கும் அடைப்பு போய், உள்ளே மண் சேர்ந்திருந்தது. தகவல் மீட்பு நிறுவனமான கிரோல் ஆன்ட்ராக்கில் பணியாற்றிய ஜான் எட்வர்ட்ஸ் அந்தத் தட்டுகளைக் கழுவி, வேறு ஒரு டிஸ்க்கின் உடலில் பொருத்திப் படித்தார். சுமார் 99 சதவீதத் தகவல் வெளியே வந்தது! அதை வைத்து எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரை 2008ல் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியானது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் "எப்படி மீட்டார்கள்?" என்றுதான் கேட்பார்கள். அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வி இருக்கிறது. மீட்டு வந்தது சரியானதுதான் என்று எப்படித் தெரியும்? விண்வெளியில் எழுதப்பட்ட அதே எண்கள்தான் இவை என்பதற்கு யார் சாட்சி?

அந்தச் சாட்சியைத் தேடிய முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் பெயர் செக்சம். தமிழில் சரிபார்ப்புத் தொகை என்று சொல்லலாம்.

கூட்டிப் பார்த்தல்

அடிப்படை யோசனை மிக எளிது. மளிகைக் கடைக்காரர் பட்டியலின் அடியில் மொத்தம் போடுகிறார். வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டுகிறோம். மொத்தம் ஒத்துப்போனால் பட்டியல் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு. நீளமான ஒன்றைச் சுருக்கி ஒரு சிறிய எண்ணாக்கி, அதைத் தனியே வைத்துக்கொள்வதுதான் செக்சம்.

எண்களுக்கு இப்படி ஒரு காவலாளியை வைத்தவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1954ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1960ல் அது கிடைத்தது. இன்று கிரெடிட் கார்டின் கடைசி இலக்கமும், செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணின் கடைசி இலக்கமும் அவருடைய முறையில் கணக்கிடப்படுபவைதான். ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் உடனே மாட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்பே, 1940களின் இறுதியில், பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் எரிச்சலில் இருந்தார். வார இறுதியில் ஆள் இல்லாத நேரத்தில் அவருடைய கணக்குகளை ரிலே கணினியில் ஓட விடுவார்கள். இயந்திரம் ஒரு பிழையைக் கண்டால் அந்தக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை 1950ல் வெளியானது. பிழை திருத்தும் குறியீடுகள் என்ற துறைக்கே அது அடித்தளம் ஆனது.

அந்தத் துறையின் வாரிசுகள் இன்று ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கிலும் குடியிருக்கிறார்கள். டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரிலும் தகவலோடு சேர்த்துப் பிழை திருத்தும் குறியீடும் எழுதப்படுகிறது. சிறிய பிழை என்றால் டிஸ்க்கே சத்தமில்லாமல் திருத்திக்கொள்கிறது. திருத்த முடியாத அளவு சேதம் என்றால் தவறான தகவலைத் தருவதற்குப் பதிலாக "படிக்க முடியவில்லை" என்று கைவிரித்துவிடுகிறது. பழுதான டிஸ்க்கிலிருந்து வரும் அந்தப் பிழைச் செய்தி உண்மையில் ஒரு நேர்மையான பதில்!

இடம் மாறிய எழுத்துகள்

சாதாரணக் கூட்டலுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. 5, 2, 9 கூட்டினால் 16. 5, 9, 2 கூட்டினாலும் 16. இடம் மாறியது கூட்டலுக்குத் தெரியாது.

1961ல் வெஸ்லி பீட்டர்சனும் டி.டி. பிரவுனும் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல விடை கண்டது. தகவல் முழுவதையும் ஒரு மிக நீண்ட எண்ணைப் போலக் கருதி, குறிப்பிட்ட ஒரு வகுத்தியால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. சி.ஆர்.சி. என்று பெயர். இடம் மாறினால் மீதியும் மாறும். பின்னால் ஈதர்நெட்டிலும் ஜிப் கோப்புகளிலும் புகுந்தது இதன் 32 பிட் வடிவம்தான். 1982ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஜான் ஃபிளெட்சர், வகுத்தல் இல்லாமல் இரண்டு கூட்டல்களை வைத்தே இட மாற்றத்தைப் பிடிக்கும் ஒரு வழியைச் சொன்னார்.

எந்தக் கணக்கு என்பது மட்டும் போதாது, எந்த இடத்தில் சரிபார்க்கிறோம் என்பதும் முக்கியம். இதை எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அது பதிவாகியிருக்கிறது. அங்கே பல உள் வலையமைப்புகளை நடுவில் சில கணினிகள் இணைத்தன. ஒவ்வொரு தாவலிலும் செக்சம் பார்த்தார்கள். எனவே எல்லாம் பத்திரம் என்று நம்பினார்கள். ஆனால் நடுவில் இருந்த ஒரு கணினி, தகவலை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் இடைவெளியில், சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போது செக்சம் சரி. மாற்றிப் போட்ட பிறகு வெளியே போகும்போது புதிய செக்சம், அதுவும் சரி! ஒரு இயக்க முறைமையின் மூலநிரல் கோப்புகள் அந்தக் கணினி வழியே திரும்பத் திரும்பப் போய்வந்து கெட்டுப்போயின. கடைசியில் பழைய அச்சுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகக் கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டி வந்தது.

கெட்டுப்போன பிறகு எடுக்கப்பட்ட செக்சம், கெட்டுப்போனதற்கே நற்சான்றிதழ் கொடுக்கும். இந்த வரலாற்றின் மையம் இதுதான். பழுதான டிஸ்க் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாக வெட்டும்.

டிடி என்ற இரண்டெழுத்து

1974ல் வந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் டிடி என்ற கட்டளை இருந்தது. ஐ.பி.எம். பெருங்கணினிகளின் ஒரு கட்டளை வாக்கியத்திலிருந்து எடுத்த பெயர். ஒரு டிஸ்க்கை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே ஒரு கோப்பாக எடுக்க அது போதும். அந்தக் கோப்புதான் டிஸ்க் இமேஜ். (எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மூலமே அழிந்துவிடும். அதனால் "டிஸ்க் டெஸ்ட்ராயர்" என்ற கேலிப் பெயரும் உண்டு.)

நல்ல டிஸ்க்குக்கு டிடி போதும். சாகும் டிஸ்க்குக்குப் போதாது. படிக்க முடியாத செக்டார் வந்தால் டிடி நின்றுவிடும். பிழையைத் தாண்டிப் போகச் சொல்லலாம். ஆனால் படிக்க முடியாத இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பச் சொல்ல மறந்தால், அதற்குப் பிறகு வரும் தகவல் எல்லாம் முன்னே நகர்ந்துவிடும். ஒரு பக்கம் கிழிந்த புத்தகத்துக்கு மறுபடி பக்க எண் போட்ட மாதிரி, அட்டவணை சொல்லும் இடத்தில் எதுவும் இருக்காது.

1990களின் இறுதியில் கர்ட் கார்லாஃப் என்ற ஜெர்மானியர் டிடி_ரெஸ்க்யூ என்ற நிரலை எழுதினார். 2004ல் அன்டோனியோ டியாஸ் டியாஸ் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை வெளியிட்டார். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. இரண்டாவதன் தந்திரம், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கும் வரிசையைப் போன்றது. முதலில் சுலபமாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துவிடும். சிக்கலான இடம் வந்தால் தாண்டிப் போய்விடும். பிறகுதான் திரும்பி வந்து, சேதமான பகுதிகளின் ஓரங்களைச் சீவி, செக்டார் செக்டாராகச் சுரண்டும். டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்பதால் இந்த வரிசை.

அதோடு ஒரு வரைபடக் கோப்பையும் அது எழுதி வைக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை படித்தாயிற்று, எது படிக்க முடியவில்லை என்று சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் சரிபார்ப்பு என்று வந்தால் இமேஜுக்கு இணையான மதிப்பு இதற்கு உண்டு. ஏன் என்று பிறகு பார்க்கலாம்.

கைரேகை வந்த காலம்

சி.ஆர்.சி. தற்செயலான பிழைகளைப் பிடிக்கும். வேண்டுமென்றே ஏமாற்றுபவனைப் பிடிக்காது. நீதிமன்றத்தில் ஒரு டிஸ்க் இமேஜைச் சாட்சியாக வைக்கும்போது, "நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் வேண்டும். அதற்கு வந்தவை ஹாஷ் முறைகள். எம்.ஐ.டி.யின் ரான் ரிவெஸ்ட் 1991ல் வடிவமைத்த எம்.டி.5 எவ்வளவு பெரிய கோப்பையும் 128 பிட்டுகளாக, அதாவது 32 எழுத்துகளாகச் சுருக்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 32 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 1995ல் அமெரிக்க அரசின் தரநிலையாக ஷா-1 வந்தது. 2002ல் ஷா-256 தரநிலை ஆனது.

2002ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினித் தடயவியல் ஆய்வகத்தில் இருந்த நிக்கோலஸ் ஹார்பர், டிடியை மாற்றி டிசிஎஃப்எல்டிடி என்ற நிரலை எழுதினார். நகல் எடுக்கும்போதே ஹாஷும் கணக்கிடும். முழு டிஸ்க்குக்கு ஒன்று மட்டும் அல்ல, துண்டு துண்டாகவும் கணக்கிடும். இதன் பயன் பழுதான டிஸ்க்கில்தான் தெரியும். இரண்டு முறை படித்தால் இரண்டு முறையும் வேறு வேறு ஹாஷ் வரலாம். முதல் முறை படிக்க முடிந்த செக்டார் இரண்டாம் முறை செத்திருக்கும். முழு ஹாஷ் "ஒத்துப்போகவில்லை" என்பதோடு நின்றுவிடும். துண்டு ஹாஷ்கள் எந்தத் துண்டு மாறியது, எவை மாறவில்லை என்று சொல்லும். ஒரு லட்சம் துண்டுகளில் மூன்று மட்டும் மாறியிருந்தால், மீதி எல்லாம் இரண்டு முறையும் ஒரே மாதிரி படிக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்ல முடியும்.

பிறகு கைரேகைகளுக்கும் சோதனை வந்தது. 2004 ஆகஸ்டில் சியாவோயுன் வாங் தலைமையிலான சீனக் குழு, ஒரே எம்.டி.5 கொண்ட இரண்டு வேறு தகவல்களை உருவாக்கிக் காட்டியது. 2012ல் வெளிவந்த ஃபிளேம் என்ற வேவு நிரல், இதே பலவீனத்தை வைத்துப் போலிச் சான்றிதழ் தயாரித்திருந்தது தெரியவந்தது. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன.

அப்படியென்றால் எம்.டி.5 போட்டுச் சரிபார்த்த பழைய இமேஜ்கள் எல்லாம் வீணா? இல்லை. இந்தத் தாக்குதல்கள் எல்லாம் அறிவாளிகள் திட்டமிட்டு உருவாக்கியவை. செத்துக்கொண்டிருக்கும் ஒரு டிஸ்க்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தற்செயலாகக் கெட்ட ஒரு செக்டார் பழைய ஹாஷையே தரும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். விபத்துக்கு எம்.டி.5 போதும், விரோதிக்குப் போதாது. நீதிமன்றம் என்றால் ஷா-256தான் நல்லது. 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் பாரதிய சாக்ஷிய அதிநியமும், மின்னணுப் பதிவுகளோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் எண்ணையும் அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் கேட்கிறது.

ஹாஷ் சொல்லாத உண்மை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பழுதான டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுத்தாயிற்று. ஷா-256ம் போட்டாயிற்று. இமேஜ் சரிதானா?

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "இந்த நிமிடத்துக்குப் பிறகு இமேஜ் மாறவில்லை." அதற்கு முன்பு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. பத்தாயிரம் செக்டார்கள் பூஜ்யமாகிப் போன இமேஜுக்கும், ஒரு குறையும் இல்லாத இமேஜுக்கும் ஹாஷ் ஒரே அழகோடுதான் இருக்கும். எம்.ஐ.டி.யின் நடுக் கணினி போட்ட செக்சம் மாதிரி.

மூலத்தைத் திரும்பப் படித்து ஒப்பிடலாமே என்றால், அதுதான் இங்கே செய்யக்கூடாத காரியம். நல்ல டிஸ்க்கில் மூலம்தான் முதல் சாட்சி. சாகும் டிஸ்க்கில் ஒவ்வொரு முறை விசாரிக்கும்போதும் சாட்சியின் உயிர் குறைகிறது. சரிபார்ப்பதற்காக மட்டும் ஒரு முழு சுற்று படித்தால், மீட்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதிலேயே போய்விடலாம்.

அதனால்தான் வரைபடக் கோப்புக்கு அவ்வளவு மதிப்பு. இமேஜில் ஒரு இடத்தில் பூஜ்யம் இருக்கிறது. டிஸ்க்கில் உண்மையிலேயே பூஜ்யம் எழுதியிருந்ததா, அல்லது படிக்க முடியாததால் வெற்றிடமா? இமேஜை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வரைபடம்தான் இரண்டையும் பிரித்துச் சொல்லும். படிக்க முடியாத இடங்களை மட்டும் ஒரு தனி அடையாளச் சொல்லால் நிரப்பும் வசதியும் டிடிரெஸ்க்யூவில் இருக்கிறது. பிறகு எந்தெந்தக் கோப்புகளுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால், சேதமான கோப்புகளின் பட்டியல் கிடைத்துவிடும். எனவே ஹாஷ் போடும்போது வரைபடத்துக்கும் சேர்த்துப் போட்டு வைப்பதுதான் முறை.

அடுத்த சாட்சி, டிஸ்க் ஆரோக்கியமாக இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட எண்கள். அவை பல கோப்புகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஜிப் கோப்பு ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் சி.ஆர்.சி. இருக்கிறது. பி.என்.ஜி. படத்தின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சி.ஆர்.சி. இருக்கிறது. 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் களஞ்சியத்தில் எல்லாமே ஹாஷ் பெயரில்தான் சேமிக்கப்படுகின்றன. மீட்ட இமேஜிலிருந்து இவற்றை எடுத்துச் சோதித்தால், பல வருடங்களுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன சாட்சிகள் வந்து பேசும். சாதாரண எழுத்துக் கோப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

டிஸ்க் பிழை சொல்லாமலே பொய் சொல்வதும் உண்டு. 2008ல் வெளியான ஒரு ஆய்வு, நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பு அமைப்புகளில் இருந்த 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்தது. செக்சம் ஒத்துப்போகாத இடங்கள் 4 லட்சத்துக்கும் மேல் அகப்பட்டன. அந்த அமைப்புகள் எழுதும்போதே தனியாகச் செக்சம் போட்டு வைத்ததால்தான் அவை அகப்பட்டன. சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோரின் குழு உருவாக்கி 2005ல் வெளிவந்த இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையும் இதே வழியில் போனது. ஒவ்வொரு தகவல் கட்டத்தின் செக்சமையும் அந்தக் கட்டத்தோடு வைக்காமல், அதைச் சுட்டும் மேல் கட்டத்தில் வைத்தார்கள். குற்றவாளியின் கையிலேயே சாட்சியத்தைக் கொடுக்கக்கூடாது அல்லவா?

மீண்டும் கொலம்பியா

கொலம்பியாவின் டிஸ்க்குக்கு நெருப்பிலிருந்து வெளியே வந்த பிறகு யாராலும் பழைய செக்சம் போட்டுத் தர முடியாது. ஆனால் அதற்குச் சில நல்ல விஷயங்கள் துணை நின்றன. அது டாஸ் இயக்க முறைமையில் ஓடியது. டாஸ் கோப்புகளைப் பெரும்பாலும் வரிசையாக எழுதும், தட்டு முழுவதும் சிதற விடாது. டிஸ்க் ஏறக்குறைய பாதிதான் நிரம்பியிருந்தது. சேதம் பெரும்பாலும் எழுதப்படாத பகுதியில் விழுந்தது. ஆய்வின் ஒரு பகுதித் தகவல் பயணத்தின்போதே தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு இடங்களில் இருக்கும் தகவல்தான் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல முடியும்.

அதே ஓடத்தில் இருந்த வேறு டிஸ்க்குகளும் மீட்புக்கு வந்தன. அவற்றிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

99 சதவீதம் என்ற எண்ணில் எல்லோருக்கும் தெரிவது வெற்றி. மீதி 1 சதவீதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதும் அதே அளவு முக்கியம். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தெளிவாகத் தெரியும் 99, எல்லாம் இருப்பதாகத் தோன்றும் 100ஐ விட நம்பகமானது.

செக்சம் ஒரு நிமிட வேலை. டிஸ்க் நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும் நாளில் போட்டு, வேறு இடத்தில் எழுதி வைத்தால் அது சாட்சி. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகு போட்டால், அது வெறும் மரணச் சான்றிதழில் ஒரு வரிசை எண்.